பழந்துணியும் போகோபபோக விரதமும்



இல்லறத்தாருக்கு விதிக்கப்பெற்ற பன்னிரண்டு விரதங்களுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய ஐந்து அணுவிரதங்களை நம் வீட்டுக் குழந்தைகளும் விரல்விட்டுச் சொல்லிவிடுவர். குணவிரதங்கள் மூன்றும் யாவை எனக் கேட்டால் பெரியோரும் சற்றே தயங்குவர். அம்மூன்றனுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்கப் புகும்போது சொற்பொருளிலிருந்தே தொடங்குகிறார். ஒருமுறை துய்த்ததும் தீர்ந்துபோவது போகம். துய்த்த பின்னும் மீண்டும் மீண்டும் துய்த்தற்கு நிற்பது உபபோகம். முன்னதற்கு உணவும் பின்னதற்கு ஆடையும் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். (தமிழில் நமக்குள்ள அருங்கலச்செப்பு இந்நூல் வழி வந்ததே. இரு நூற்பெயர்களுக்கும் பொருள் ஒன்றே என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டையும் மறவார்.)

மனை, வண்டி, அணிகலன் என எத்தனையோ பொருள்கள் இருக்க, மீண்டும் துய்த்தற்குரியது எது என்னும் கேள்விக்கு ஆசாரியர் ஆடையை எடுத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு திருமணத்திற்கு உடுத்தி, புகைப்படம் எடுத்து, பின் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் சேலையை என்ன பெயரிட்டு அழைப்பது? வளர்பிள்ளைக்கென வாங்கி இருமுறை மட்டும் போட்ட சட்டையை என்னென்பது? பெயரளவில் அவை உபபோகம். நாம் அவற்றை நடத்தும் முறையிலோ போகம் ஆகிவிட்டன. சோறு உண்பதுபோல் துணியை உண்ணத் தொடங்கிவிட்டோம்.

இதனை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இளம்பெண்கள் சிலர் பழந்துணிகளை விலைக்கு வாங்கியும் உறவினரிடம் கேட்டுப் பெற்றும் அவற்றை வேறு பொருள்களாக ஆக்கி வருகின்றனர். அம்மாவின் நூல்சேலை மகளுக்குச் சுடிதார் ஆகிறது. அப்பாவின் பழஞ்சட்டைகள் நான்கு சேர்ந்து தலையணை உறை ஆகின்றன. ஜீன்ஸ் கால்சட்டையில் புத்தகப்பை, முந்தானைக் கரையில் கதவுத் தோரணம், திருமண அழைப்பிதழ் அட்டையில் மொய் உறை என்று கைபேசியைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். வீட்டுப் பெரியவர்களோ முகம் சுளிக்கின்றனர். "நமக்கென்னம்மா குறை? ஊரார் உடுத்த துணியை நாம் ஏன் தொடவேண்டும்?" என்பது ஒரு கேள்வி. "உடுத்தவர்களுடைய பாவமும் சேர்ந்தல்லவா வரும்?" என்பது அதனினும் பெரிய கேள்வி. இளையோர் பக்கம் "பூமியைக் காக்கிறோம்" என்னும் பெருமிதம். இரு சாராருக்கும் நம் ஆகமத்தில் விடை உண்டு. இரு சாராருக்கும் அது முழுதும் இனிப்பாக இராது.

பாவம் ஒட்டும் என்ற அச்சத்தை முதலில் தீர்த்துவிடுவோம். வினை துணியில் ஒட்டுவதன்று, உயிரில் ஒட்டுவது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் செயலால் ஈர்க்கப்பெற்று, வெகுளி, செருக்கு, வஞ்சனை, உலோபம் என்னும் கஷாயங்களின் பசையால் அவரவர் உயிரோடு கட்டுண்பதே வினை என்று கற்றிருக்கிறோம். ஒருவர் கட்டிய வினையை அவருடைய சட்டை சுமந்து வந்து இன்னொருவர் தோளில் இறக்கி வைக்காது. சட்டை சுமந்து வருவன அழுக்கும் வியர்வையும், சில வேளைகளில் சிற்றுயிர்களுமே ஆகும். அவற்றில்தான் கவனம் வேண்டும். பழந்துணி வீட்டுக்கு வந்ததும் கொதிநீரில் அமிழ்த்துவது பலர் வழக்கம். மடிப்பிலும் தையலோரத்திலும் அந்துப்பூச்சியோ இராமபாணமோ சிறு சிலந்தியோ இருந்தால் அவை வெந்து மடியும். ஆகவே முதலில் நிழலில் மெல்ல உதறி, மடிப்புகளை மென்மையான துடைப்பத்தால் நீவி, அரை நாள் காற்றாடக் கொடியில் விட்டு, உயிர்கள் தாமே அகன்ற பின்னர் வடித்த நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதல் நம்மவர்க்கு ஏற்ற முறை. சற்று நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பழந்துணி உடுத்துவது குறைவு என்னும் கேள்விக்கும் அதே சிராவகாசாரம் விடை வைத்திருக்கிறது. சாவக நிலைகள் பதினொன்றனுள் உச்சியில் நிற்கும் உத்தம சாவகரை ஆசாரியர் எந்த அடையாளத்தால் குறிக்கிறார் தெரியுமா? துணித்துண்டு தரித்தவர் என்னும் பொருளுடைய சொல்லால். நம் ஊர்களுக்கு எழுந்தருளும் க்ஷுல்லகரின் மேலாடை அவர் உடலை முழுதும் போர்த்தாத அளவே உடையது. அவரை வணங்கி ஆகாரம் அளிக்கும் குடும்பத்தில், மகள் பழந்துணியைத் தைத்து உடுத்தினால் மானம் போய்விடும் எனச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

கொங்குநாட்டில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. துணி பிறக்கும் இடத்திலேயே நாம் வாழ்கிறோம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. திருப்பூர் பனியன் தொழில் பின்னர் உலகெங்கும் சென்றது. நம்மவர் பலருக்கு ஆலையிலும் ஏற்றுமதி அலுவலகத்திலும் வருவாய். ஆதலின் ஒரு சட்டைக்கு என்ன செலவாகிறது என்பதை நாம் அறியோம் என்று சொல்ல வழியில்லை. பருத்தி விளைவது முதல் ஒரு சட்டை ஆவது வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகும் என மதிப்பிட்டிருக்கின்றனர். அந்நீரில் எத்தனை நீருயிர், அந்நிலத்தில் எத்தனை புழுவும் பூச்சியும் என்று கணக்கிட நம்மால் ஆகாது.

நொய்யலின் கதையை நான் நீட்டப் போவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதில் தேங்கியது சாயக்கழிவு கலந்து பயிருக்கு ஆகாத நீராயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டதும், அதன்பின் கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகள் வலுப்பெற்றதும் இப்பகுதியினர் அறிந்தவையே. உழவர் பட்ட துன்பம் பெரிது. வேலையிழந்த தொழிலாளர் பட்டதும் சிறிதன்று. தொழிலை இகழ்வது என் நோக்கமன்று. அத்தொழிலில் உண்டானதை ஒரு பருவத்தில் எறிந்துவிடும் நம் கையைப் பற்றியே பேசுகிறேன்.

அவ்வாறு எறிவதற்குச் சாத்திரத்தில் ஒரு பெயர் உண்டு. குணவிரதங்களுள் மற்றொன்றாகிய அநர்த்ததண்ட விரதத்தில், பயன் ஒன்றுமின்றி உயிர்களுக்குத் தீங்கு நேரவிடும் செயல்களை ஆசாரியர் ஐந்தாக வகுக்கிறார். அவற்றுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கவனமின்றி நடத்தல். தேவையின்றி நிலத்தை அகழ்வதும், நீரை இறைப்பதும், தீயை மூட்டுவதும், செடிகொடிகளை ஒடிப்பதும் அதன்பாற்படும். உழவன் உழுதலும் சாயப்பட்டறைக்காரர் தோய்த்தலும் பிழைப்பு பற்றி நிகழ்பவை, பயனுடையவை. இரண்டுமுறை உடுத்தி எறிந்து இன்னொன்று வாங்குவோமாயின், அந்த இரண்டாவது சட்டைக்கு அகழ்ந்த நிலமும் இறைத்த நீரும் மூட்டிய தீயும் எக்கணக்கில் சேரும்?

பழையதைப் புதிதாக்கும் தொழில் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று என்பதையும் இளையோருக்குச் சொல்லவேண்டும். பனியன் கம்பெனிகளில் வெட்டி எஞ்சும் துணுக்குகளை நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கும் ஓ.இ. மில்கள் பல இங்குள்ளன. நிறம் பிரித்து நூற்பதால் மீண்டும் சாயம் ஏற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பது அதன் சிறப்பு. கோவையின் பம்ப், மோட்டார் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படுவதும் பனியன் வேஸ்ட் துணியே. 2023 பிப்ரவரியில் நம் பிரதமர் நாடாளுமன்றத்திற்கு அணிந்து வந்த நீலநிற மேற்சட்டைக்குரிய துணி, எறியப்பட்ட பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளிலிருந்து கரூர் நிறுவனம் ஒன்று ஆக்கியது. வடக்கே அரியானாவின் பானிபட்டில் உலகெங்கிலுமிருந்து வரும் பழங்கம்பளித் துணிகளைப் பிரித்து மீண்டும் நூற்றுப் போர்வை நெய்கின்றனர்.

இவை பெரிய அளவில் நிகழ்வன. வீட்டளவில் நம் முன்னோர் செய்தது எனக்கு இவற்றினும் வியப்பாகத் தோன்றும். என் தாயார் காலத்தில் ஒரு வேட்டிக்கு நீண்ட ஆயுள். முதலில் ஜினாலயத்திற்கும் விசேடங்களுக்கும். ஓரம் நைந்தபின் வீட்டு உடை. நடுவில் இற்றால் இரண்டாகக் கிழித்துத் தோள்துண்டு. மேலும் நைந்து பஞ்சுபோல் மென்மையானதும் பிறந்த குழந்தையைப் போர்த்தும் துணி. பச்சைக்குழந்தையின் உடம்பில் முதலில் படுவது தாத்தாவின் பழைய வேட்டியாகத்தான் இருக்கும். புதுத்துணியின் கஞ்சி பிள்ளையின் தோலை உறுத்தும் என்பர். அதன்பின் அடுப்பங்கரைப் பிடிதுணி. கடைசியில் எஞ்சிய இழை விளக்குத்திரி. நூல்சேலையோ தொட்டிலாகும், மெத்தை விரிப்பாகும், களத்துமேட்டில் சும்மாடாகும். எதையும் அலங்காரமென்று எண்ணிச் செய்ததில்லை. துணி தன் வழியே போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குத் தையலும் ஒரு பாடம். கிழிசலில் இழை கோத்து அடைப்பதும் ஒட்டுப்போடுவதும் கைவந்த பின்னரே எங்கள் ஆசிரியை புதுத்துணியைக் கையில் கொடுப்பார். அங்குக் கற்றவற்றுள் சில இன்றைய பெண்களுக்கும் உதவும். நூல்சேலையை வெட்டுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். கொசுவம் மடியும் இடமும் அடிவிளிம்பும் முதலில் நையும். உள்சுற்றில் மறைந்திருக்கும் பகுதி கெட்டியாக இருக்கும். சிறுவர் உடைகளை அப்பகுதியில் எடுத்தால் இரண்டாண்டு உழைக்கும். சட்டைக் காலர் மடிப்பில் நைந்தால் அதைப் பிரித்து உள்புறம் வெளியே வரத் திருப்பித் தைத்தால் சட்டை மீண்டும் அலுவலகம் போகும். பழைய பனியன் துணியைக் குறுக்கே ஒரு விரற்கடை அகலத்தில் நாடாவாக வெட்டி மெல்ல இழுத்தால் அது தானே சுருண்டு கயிறுபோல் ஆகும், நூல் பிரியாது. மூன்று கயிற்றைச் சடையாகப் பின்னி வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. ஊசியும் நூலும் தவிர வேறு செலவில்லை.

இங்கே நம் பவணந்தி முனிவரைப் பற்றி ஒரு சொல். பெருந்துறையை அடுத்த சீனாபுரம் அவருடைய ஊர் என்பது இங்குள்ளோர்க்குப் பெருமை. பழையவை நீங்குவதும் புதியவை வருவதும் குற்றமாகா என்ற கருத்தமைந்த அவருடைய நன்னூல் நூற்பாவைப் போகிப் பண்டிகை வந்தால் எல்லோரும் நினைவுகூர்கின்றனர். பாயையும் துணியையும் தெருவில் இட்டுக் கொளுத்துவதற்கு அதையே சான்றாகவும் காட்டுகின்றனர். தமிழாசிரியை என்ற உரிமையில் சொல்கிறேன்: முனிவர் பேசியது சொற்களைப் பற்றி. காலப்போக்கில் சில சொற்கள் வழக்கொழிவதையும் சில வந்து சேர்வதையும் இலக்கணம் ஏற்கும் என்றாரேயன்றி, எவரையும் தீ மூட்டச் சொன்னாரல்லர். மகாவிரதம் பூண்ட திகம்பர முனிவரின் வாக்கை உயிர்கள் வேகும் தீக்குச் சான்றாக்குவது அவருக்குச் செய்யும் நீதியாகுமா? கொங்குநாட்டுப் பழவழக்கில் அந்நாள் காப்புக்கட்டு நாள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டு இறவாரத்தில் செருகுவதோடு சரி. அதுவே எவ்வளவோ மேல்.

இதுவரை படித்த இளையோர் மகிழ்ந்திருப்பர். இனிச் சொல்வது அவர்களுக்கு.

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில், ஏற்றுமதிக்கென்று தைத்து மிஞ்சிய உடைகளும் சிறு குறையால் ஒதுக்கப்பட்ட 'செகண்ட்ஸ்' உடைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்று வாங்கப் போனவர் பத்து வாங்கி வருகிறார். கேட்டால் "எறியப்படுவதைத்தானே வாங்கினேன்" என்கிறார். பழந்துணியில் பை தைக்கத் தொடங்கியவர் வீட்டில் நாற்பது பைகள் தொங்குகின்றன. தைக்கவேண்டிய துணி இன்னும் இரண்டு மூட்டை கட்டிலின் கீழே கிடக்கிறது. பரிமித பரிக்கிரகம் என்னும் ஐந்தாம் அணுவிரதத்திற்கு ஆசாரியர் கூறும் அதிசாரங்கள் ஐந்து. அவற்றில் அளவிறந்து சேர்த்தல் ஒன்று. பிறர் வைத்திருப்பதைக் கண்டு வியத்தலும் ஒன்று. சேர்த்தது புதியதா பழையதா, விலையுயர்ந்ததா மலிவா என்று அங்கே பாகுபாடில்லை. கட்டிலின் கீழ் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டையில் அந்து பிறக்கும். அந்து பிறந்தால் நாப்தலின் உருண்டை வரும். பூமியைக் காக்கவென்று தொடங்கியது கொலையில் முடியும். இன்னொன்றும் உண்டு: தெருவோரத்துப் பழந்துணியை நம்பியே பிள்ளைக்கு உடுத்தும் தாய்மார் நம் நகரில் இருக்கின்றனர். நாம் பொழுதுபோக்கிற்காக அதில் நல்லனவற்றைப் பொறுக்கி எடுத்துப் போனால் அவருக்கு எஞ்சுவது எது?

நேமிசந்திர சித்தாந்தச் சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்தில் உலோபத்தின் நால்வகைத் திண்மைக்குக் காட்டும் உவமைகளைத் துணித்தொழில் தெரிந்த நம்மவர் எளிதில் உணரலாம். மிகக் கொடிய உலோபம் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயம் போன்றது. எத்தனை துவைத்தும் போகாது. அடுத்தது வண்டிச் சக்கரத்து மை. மூன்றாவது உடம்பின் அழுக்கு. மிக மெல்லியது மஞ்சள் நிறம். சிறிது வெயில் பட்டாலே வெளுத்துவிடும். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டுப் பெண்களுக்கு இதற்கு மேல் உரை வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் பழந்துணியின் மேல் நமக்குள்ள ஆசை இந்நான்கில் எது என்பதை அவரவரே நெஞ்சைத் தொட்டுப் பார்க்கலாம். "இந்த மாதம் கடைப்பக்கம் போவதில்லை" என்றதும் ஆசை வெளுத்துப் போகிறதா, அல்லது மனம் கிடந்து துடிக்கிறதா?

அவ்வாறு பார்ப்பதற்கு எளிய வழியையும் சிராவகாசாரமே தந்திருக்கிறது. போகோபபோகத்தை வாழ்நாள் முழுதும் துறப்பது யமம். காலவரையறையிட்டுத் துறப்பது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலமும், உணவு, ஊர்தி, படுக்கை, ஆடை, அணி எனப் பொருளும் நாமே குறித்துக்கொள்ளலாம். தை முதல் ஆனி வரையுள்ள ஆறு மாதம் வீட்டில் எவரும் துணி வாங்குவதில்லை, புதியதும் இல்லை பழையதும் இல்லை, இருப்பதைத் தைத்தும் மாற்றியும் உடுப்போம் என்று ஒரு குடும்பம் நியமம் எடுத்தால், அந்த ஆறு மாதத்தில் பெண்பிள்ளையின் கைவேலைக்கும் உண்மையான பயன் பிறக்கும். இடையில் திருமணம் வந்தால் என்ன செய்வது என்று உடனே கேட்பீர்கள். இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு போவதுதான்.

தானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நமக்கு ஆகாததைக் கட்டி அனுப்பிவிட்டுத் தானம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது பெருகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கரையோரச் சாலைகளில் ஊர் ஊராக வந்த பழந்துணிகள் குவிந்து கிடந்தன. உழைத்து உண்ட மீனவ மக்கள் அவற்றை உடுத்த மனம் ஒப்பவில்லை. 1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்சு என்னும் அமைப்பு, அவ்வாறு கிடந்த துணிகளை எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்திற்று. உடுத்த ஆவதை உடையாகவும், ஆகாததைப் பெண்களின் மாதவிடாய்த் துணியாகவும், எஞ்சிய துணுக்குகளை மெத்தை விரிப்பாகவும் ஆக்குவது அவர்கள் முறை. துணி பெறும் ஊரார் தம் ஊருக்கே கிணறு வெட்டியோ பாதை செப்பனிட்டோ அதற்கு ஈடு செய்கின்றனர். ஆகவே அது பிச்சையாகாமல் கூலியாகிறது. 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. நாம் செய்யவேண்டியது சிறிது: கொடுக்குமுன் துவைத்து, பொத்தான் வைத்து, கிழிசல் அடைத்து, மடித்துக் கொடுப்பது. நாமே உடுத்தத் தயங்குவதைப் பிறருக்கு உடையென்று கொடாமல் கால்மிதியாக்கிக் கொள்வது. பழந்துணியில் செய்ததைப் பரிசாகக் கொடுக்கும்போதும் அதை ஒளிக்கவேண்டா. "இது எங்கள் பாட்டியின் சேலை, நான் தைத்தேன்" என்று சொல்லிக் கொடுத்தால் பெறுபவர் அதனை வேறொரு கண்ணால் பார்ப்பார்.

இனிக் கடினமான செய்தி ஒன்று. பழந்துணி வேலையில் ஈடுபடும் பெண்கள் அதிகம் விரும்புவது பழம்பட்டு. முந்தானையில் குழந்தைக்குப் பாவாடை, கரையில் கைப்பை, புட்டாவில் சுவர்ப்படம் எனப் பட்டு பலவாறு அழகாகும். உடுமலை, கோபி வட்டாரங்களில் மல்பெரித் தோட்டங்களைக் கண்டவர்க்குப் பட்டு எப்படிப் பிறக்கிறது என்று நான் விளக்கவேண்டியதில்லை. கூட்டினுள் உறங்கும் உயிரை வெப்பத்தால் கொன்ற பின்னரே இழை நூற்கப்படுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். கோவைக் கோராச் சேலையிலும் பருத்தியோடு பட்டிழை உண்டு. பெயரைக் கேட்டு முழுப் பருத்தியென்று எண்ணி வாங்குவோர் அறிந்துகொள்க.

"இது பழையது. கொலை என்றோ நடந்துவிட்டது. நான் வாங்குவதால் புதிதாக ஓர் உயிரும் சாகவில்லையே" என்று அறிவுள்ள பெண்கள் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நம் அணுவிரதம் இயங்குயிரைத் தான் கொல்லுதல், பிறரால் கொல்வித்தல் ஆகிய இரண்டோடு நின்றுவிடவில்லை. கொலைக்கு உடன்படுதல் என்னும் மூன்றாவதையும் சேர்த்தே விலக்குகிறது. பழம்பட்டை நாம் காசு கொடுத்து வாங்கினால் விற்றவர் அக்காசோடு புதுப்பட்டுக் கடைக்குப் போகலாம். நாம் அணிந்ததைக் கண்டு "என்ன பளபளப்பு!" என்று வியப்பவர் நெஞ்சில் பட்டாசையை நாம் விதைக்கிறோம். ஆதலின் பழம்பட்டை வாங்குவது தகாது என்பதே என் துணிபு. தோல் பையும் தோல் வாரும் அவ்வாறே. எத்தனை பழையதாயினும் விலை கொடுத்து வீட்டுக்குள் கொணரவேண்டா.

வீட்டில் முன்னரே இருக்கும் பாட்டியின் பட்டை என்ன செய்வது? இதில் பெரியோர் கருத்து வேறுபடும். சரிகைக்காக வாங்குவோரிடம் போட்டுவிடலாம் என்பர் சிலர். அவர்கள் வெள்ளியை எடுக்கச் சேலையையே எரிப்பர். ஜினாலயத்திற்கு உடுத்தலாகாது என்பதில் ஐயமில்லை. குழந்தைக்குத் தைக்கவும் நான் உடன்படேன். அறியாத வயதில் அம்மினுமினுப்பைப் பழக்கிவிட்டுப் பின் அறம் போதிப்பது வீண். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று தலைமுறைப் பட்டுச்சேலைகளைப் பிரித்து, மேலும் கீழும் பழைய வேட்டித் துணி வைத்து, நடுவில் பட்டைப் பரப்பி நெருங்கத் தையலிட்டுப் போர்வை ஆக்கியிருக்கின்றனர். ஊட்டிக் காற்று இறங்கும் மார்கழி இரவில் அதன் வெம்மை தெரியும்; பட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் கண்ணிலும் ஆசை மூட்டாமல் அப்பொருள் தேயும்வரை உழைக்கும். அதைத் தைத்த மருமகளுக்கு என் ஆசிகள்.

முடிக்குமுன் ஒரு விலக்கு. நீர் வடிக்கும் துணிக்கு மட்டும் பழந்துணியை எடுக்கவேண்டா. நைந்த வேட்டி மென்மையாக இருக்கிறதென்று குடத்தின் வாயில் கட்டுவோர் உளர். இழை விலகிய துணியின் வழியே நுண்ணுயிர்கள் நீரோடு இறங்கிவிடும். கெட்டியான புதுப் பருத்தித் துணியை இரட்டையாக மடித்துப் பயன்படுத்துங்கள். வடித்தபின் துணியின் மேல் தங்கியவற்றை அந்நீர் எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்த்துவிடுங்கள். மேற்சொன்ன ஆறு மாத நியமத்தில் இருப்பவரும் அத்துணியை மட்டும் வாங்கலாம்.